சைட்டேஷன் நம்பருக்குப் பின்னால யாரு?

வணக்கம் நேயர்களே, எல்லாரும் பசியாறிட்டீங்களா? நான் கோலாலம்பூர்ல ஒரு பல்கலைக்கழக லைப்ரரியில ரொம்ப வருஷம் வேலை பார்த்தவன். விரிவுரையாளருங்க ப்ரமோஷனுக்கு ஃபாரம் போடும்போது அவங்க கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க, எச்-இன்டெக்ஸ் எவ்ளோன்னு ரிப்போர்ட் எடுத்துக் குடுக்குறதுதான் நம்ம பொழப்பு. இன்னிக்கு கிரிமினாலஜி, அதாவது குற்றவியல் அறிஞர்களோட நம்பரை எப்படிப் படிக்கிறதுன்னு பேசச் சொன்னாங்க.

ஒரு ஆளை எடுத்துக்குவோம். மார்வின் வுல்ஃப்காங், அமெரிக்காவுல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர், 1998-ல காலமானார். 1945-ல பொறந்து ஃபிலடெல்ஃபியாவுல வளர்ந்த 9,945 பையன்களோட போலீஸ் ரெக்கார்டை இவரும் இவர் கூட்டாளிங்களும் ஒக்காந்து தோண்டுனாங்க. போலீஸ் கையில ஒரு தடவையாவது சிக்குனவங்க 3,475 பேரு. அதுல அஞ்சு தடவையோ அதுக்கு மேலயோ சிக்குனவங்க வெறும் 627 பேருதான், மொத்தப் பையன்கள்ல ஆறு சதவீதம் சொச்சம், ஆனா பதிவான குத்தத்துல பாதிக்கு மேல, 52 சதவீதம், இந்த 627 பேரோட கணக்கு. 1972-ல புத்தகமா வந்துச்சு, அதுக்கப்புறம் இளங்குற்றவாளிங்களைப் பத்தி எழுதுற யாரும் இதைத் தொடாம போக முடியலை.

எனக்குப் புடிச்ச விஷயம் இதுக்கு அடுத்தது. அதே மனுஷன் 1978-ல இன்னொரு புத்தகம் போட்டாரு, இந்த தடவை பையன்களை எண்ணலை, கிரிமினாலஜி கட்டுரைங்களை எண்ணுனாரு. யாரு யாரை மேற்கோள் காட்டுறாங்கன்னு பார்த்தா இங்கயும் அதே கதைதான், கொஞ்சூண்டு எழுத்துக்கே பெரும்பாலான மேற்கோள் போய்ச் சேருது, மிச்சத்தை அனேகமா யாரும் சீண்டுறதில்லை. அப்புறம் 1994-ல எலன் கோன், டேவிட் ஃபாரிங்டன்னு ரெண்டு பேரு அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா பக்கத்து நாலு முக்கிய ஜர்னல்களோட மேற்கோள் பட்டியலை எண்ணி, தன்னைத் தானே மேற்கோள் காட்டுனதை எல்லாம் கழிச்சுட்டு, ஆங்கிலம் பேசுற நாடுகள்ல யாரு செல்வாக்கான குற்றவியல் அறிஞர்னு பார்த்தாங்க. மொத இடத்துல வந்தது யாருங்கிறீங்க, வுல்ஃப்காங்கேதான்!

ஆனா கவனிங்க, எண்ணுன ஜர்னல் எல்லாம் எந்த ஊர் ஜர்னல்? ஆசியாவுக்குன்னு தனியா குற்றவியல் ஜர்னல் வந்ததே 2006-லதான்.

இப்ப எச்-இன்டெக்ஸுக்கு வருவோம். இதைக் கண்டுபுடிச்சவரு கிரிமினாலஜிக்காரர் இல்ல, ஹோர்ஹே ஹிர்ஷ்னு ஒரு இயற்பியல் பேராசிரியர், 2005-ல. ஒருத்தரோட பத்து கட்டுரை ஒவ்வொண்ணும் குறைஞ்சது பத்து மேற்கோள் வாங்கியிருந்தா அவரு எச் பத்து, அவ்ளோதான். இதுல சிக்கல் என்னன்னா, ஒருத்தர் வாழ்க்கையில ஒரே ஒரு புத்தகம் எழுதி அதை அஞ்சாயிரம் பேரு மேற்கோள் காட்டுனாலும் அவரு எச் ஒண்ணுதான். அதோட கிரிமினாலஜியில பெரிய சரக்கெல்லாம் புத்தகமா வர்றது நெறைய, மேற்கோளை எண்ணிக் குடுக்குற ஸ்கோபஸ்ங்கிற தரவுத்தளம் முக்கியமா ஜர்னலைத்தான் பாக்கும், கூகுளோட ஆய்வுத் தேடல் தளமான கூகுள் ஸ்காலர் புத்தகம், தீசிஸ், அரசாங்க அறிக்கைன்னு எல்லாத்தையும் அள்ளிக்கும். அதனால ஒரே ஆளுக்கு ரெண்டு எடத்துல ரெண்டு நம்பர், ஃபாரத்துல பெருசைப் போடுறதா சின்னதைப் போடுறதான்னு எங்க கவுண்டர்ல வந்து சண்டை போட்டவங்க உண்டு.

இன்னொண்ணு, திட்டுறதுக்காக மேற்கோள் காட்டுனாலும் அது ஒண்ணுன்னுதான் கணக்கு. 1982-ல ஜேம்ஸ் வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும் உடைஞ்ச ஜன்னல் கட்டுரை எழுதுனாங்க, தெருவுல சின்னச் சின்ன ஒழுங்கீனத்தைக் கண்டுக்காம விட்டா பெரிய குத்தம் தன்னால வரும்னு. வந்தது ஆய்வு ஜர்னல்லகூட இல்ல, பொது ஜனம் படிக்கிற மாசப் பத்திரிகையில! 90-கள்ல நியூயார்க் போலீஸ் அதைப் புடிச்சுக்கிட்டாங்க, அதுக்கப்புறம் அது தப்புன்னு எழுதுனவங்களும் எக்கச்சக்கம், அத்தனை பேரும் அந்தக் கட்டுரையோட நம்பரை ஏத்திவிட்டுட்டுத்தான் போனாங்க.

நம்ம ஊருக்கு வாங்க. 2013-ல உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைச் சட்டவிரோதம்னு பட்டியல் போட்டு வெளியிட்டுச்சு, 04, 08, 36ன்னு நம்ம பிள்ளைங்க காதுலயும் விழுந்த கும்பல் பேருங்க அதுல இருந்துச்சு. தோட்டத்துல இருந்து கிளம்பி பட்டணத்து ஃப்ளாட்டுக்கு வந்த குடும்பத்துப் பையன் எப்படி அதுல போய் விழுறான்னு செந்தூல்லயோ பட்டர்வொர்த்லயோ ஒரு ஆய்வாளர் தெருத்தெருவா அலைஞ்சு மலாய்ல ஒரு உள்ளூர் ஜர்னல்ல எழுதுறாருன்னு வைங்க, அந்த ஜர்னல் ஸ்கோபஸ்ல இல்லைன்னா அவரு நம்பர் சைபர். படிக்க வேண்டிய பள்ளிக்கூட ஹெட்மாஸ்டரும் சமூகநல அதிகாரியும் படிச்சிருக்கலாம், ஆனா ஹெட்மாஸ்டர் ஜர்னல்ல கட்டுரையா எழுதப் போறாரு மேற்கோள் காட்ட? மைசைட்னு மலேசிய ஜர்னல்களுக்கே ஒரு மேற்கோள் அட்டவணை இருக்கு, இருந்தாலும் ப்ரமோஷன் கமிட்டியில மொதல்ல கேக்குறது ஸ்கோபஸ் எவ்ளோன்னுதான், எனக்கு அதுல ரொம்ப நாளா கடுப்பு.

அதனால உங்க புள்ளை கிரிமினாலஜியில மாஸ்டர்ஸ், பிஎச்டி பண்ணப் போறேன், சூப்பர்வைசரைத் தேடுறேன்னு சொன்னா மொத்த நம்பரைப் பார்த்து மயங்க வேணாம். கூகுள் ஸ்காலர்ல அவரு பேரைத் தட்டுங்க, மேல இருக்குற அஞ்சு கட்டுரையோட வருஷத்தைப் பாருங்க, எல்லாம் இருபது வருஷத்துக்கு முந்தினதா, அவரே எழுதுனதா இல்ல பத்து பேர்ல ஒருத்தரா. அப்புறம் மேற்கோள் எண்ணிக்கையைத் தட்டுனா யார் யாரு காட்டியிருக்காங்கன்னு லிஸ்ட் வரும், அதுல நாலைத் திறந்து படிக்கச் சொல்லுங்க, பேரை மட்டும் போட்டுட்டுப் போனாங்களா இல்ல அவரு முறையை எடுத்து இன்னொரு ஊர்ல செஞ்சு பார்த்தாங்களான்னு. ஸ்கோபஸ்ல தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுனதை நீக்கிட்டுப் பாக்குற வசதியும் இருக்கு, அதை அமுக்குனதும் சில பேரு நம்பர் எப்படி இறங்குதுன்னு பாக்கணுமே! அந்த வேலையை லைப்ரரி கவுண்டர்ல கேட்டாலே செஞ்சு குடுப்பாங்க. நன்றி, வணக்கம்.