திருச்சி அண்ணனுக்குப் பதில், கூடவே என் தப்புக்கு மன்னிப்பு

வணக்கம் மக்களே! சத்தம் இன்றைக்குத் தெளிவாக வருகிறதா? வரவேண்டும். ஓரியூர் வீடியோவுக்குப் போய்த் திரும்பும்போது மைக்குக்கு மாட்டுகிற பஞ்சு உறையைப் பேருந்திலேயே விட்டுவிட்டு வந்தேன் இல்லையா, அதற்குப் புதிதாக ஒன்று வாங்கினேன். 350 ரூபாய் சொன்னார்கள். கால் மணி நேரம் பேசி 280க்கு இறக்கி, பெரிய வெற்றி என்று நினைத்து வெளியே வந்தால், நாலு கடை தள்ளி அதே உறை, அதே கறுப்பு, 120! எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்போது கீழவெளி வீதியில், மரியன்னை பேராலயத்துக்கு எதிரே நிற்கிறேன். போன வீடியோவின் கீழே திருச்சிக்காரர் ஒருவர் "உங்கள் மதுரை மறைமாவட்டமே எங்கள் ஊரிலிருந்து வெட்டிக் கொடுத்த துண்டுதான்" என்று எழுதியிருந்தார். 42 பேர் அதற்கு லைக் வேறு. மறைமாவட்டம் என்றால் ஒரு ஆயரின், அதாவது பிஷப்பின், பொறுப்பில் இருக்கிற கத்தோலிக்கப் பகுதி. அண்ணே, நீங்கள் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

இராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்தது 1606ல். அவர் ஆயர் இல்லை, சேசு சபை (ஜெசூட் துறவியர் சபை) குரு. காவியும் பூணூலுமாக அவர் வாழ்ந்த விதத்தைப் பற்றி ரோம் வரைக்கும் புகார் போய், 1623ல் பாப்பரசர் 15ஆம் கிரகோரி அனுமதி கொடுத்துத்தான் அது அடங்கியது. அப்போது மதுரைக்கு ஆயர் யார் என்றால், மலையாளக் கரையில், கொடுங்கல்லூரில் இருந்தார்! பிரான்சிஸ்கோ ரோஸ். அவரும் சேசு சபைக்காரர்தான், நோபிலிக்கு ஆதரவாக நின்றவர். அதாவது மிஷன் பெயர் மதுரை, ஆயர் வெளியூர்.

1773ல் சேசு சபையையே கலைத்துவிட்டார்கள். திரும்ப உயிர் கொடுத்தது 1814ல், இந்தப் பக்கம் அவர்கள் மறுபடி வந்துசேர 1830களின் கடைசி ஆகிவிட்டது. அப்புறம்தான் அலெக்சிஸ் கனோஸ், மதுரையின் அப்போஸ்தலிக்கப் பதிலாளாக, அதாவது மறைமாவட்டம் அமையாத பகுதிக்குப் பாப்பரசரின் பிரதிநிதியாக, ஆயரானார். பட்டத்தில் மதுரை இருக்கிறது, கவனியுங்கள். 1880களில் ரோம் இந்தியா முழுக்க முறைப்படி மறைமாவட்டங்களை அமைத்தபோது அந்தப் பெயர் போய்த் திருச்சி மறைமாவட்டம் என்று ஆகிவிட்டது. ஆக, அண்ணே, பெயரை முதலில் எடுத்துக்கொண்டவர்கள் நீங்கள்! 1938ல்தான் மதுரையைத் தனியாகப் பிரித்தார்கள், முதல் ஆயர் ஜான் பீட்டர் லியோனார்டு. பதினைந்தே வருடம், 1953ல் மதுரை உயர் மறைமாவட்டம், அதாவது பேராயரின் மறைமாவட்டம், ஆகிவிட்டது. இன்றைக்கு மதுரை மாநிலத்துக்குள் (அரசாங்க மாநிலம் இல்லை, ஒரு பேராயரின் கீழ் சேர்த்த மறைமாவட்டங்களின் தொகுப்பு) வருகிற மறைமாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. 1923லேயே மறைமாவட்டமான தூத்துக்குடியும்தான். மதுரைப் பேராயர் போய்த் திருச்சியை அதிகாரம் பண்ண மாட்டார், அங்கே அவர்கள் ஆயர்தான் எல்லாம். இருந்தாலும் எனக்கு இதைச் சொல்வதில் ஒரு சுகம். 120 ரூபாய் உறையின் வருத்தம் கொஞ்சம் குறைந்தது.

இப்போது என் தப்பு. "மதுரையின் முதல் ஆங்கிலிக்கன் பிஷப்" என்று தம்ப்நெயிலில் பெரிதாகப் போட்டேன் (ஆங்கிலிக்கன் என்றால் இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்தது). தப்பு, தூக்கிவிட்டேன். அதில் நான் சொன்ன லெஸ்லி நியூபிகின் ஸ்காட்லாந்து சபையின் மிஷனரி, பிரெஸ்பிட்டேரியன். அந்தச் சபையில் பிஷப் என்கிற பதவியே கிடையாது! 1834ல் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்த அமெரிக்க மிஷனிலும் கிடையாது. நம் அமெரிக்கன் கல்லூரி 1881ல் பசுமலையில் தொடங்கியதே, அதே ஆட்கள். இராமநாதபுரம் பக்கம்தான் ஆங்கிலிக்கன் சபைகள். 1947 செப்டம்பர் 27, சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) பிறந்த அன்று இரண்டையும் சேர்த்து மதுரை-இராமநாதபுரம் திருமண்டிலம் (சி.எஸ்.ஐ.யின் மறைமாவட்டம்) ஆக்கி, 37 வயது நியூபிகினைப் பேராயர் ஆக்கினார்கள். பிஷப்பே வேண்டாம் என்றிருந்த அமெரிக்க மிஷன் சபைகளுக்கு, பிஷப்பே இல்லாத சபையிலிருந்து ஒரு பிஷப்! இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

ஓரியூர் வீடியோவில் சொல்ல மறந்தது, ஓரியூரில் கொல்லப்பட்ட சேசு சபைக் குரு அருளானந்தர் புனிதர் பட்டம் பெற்றதும் இதே 1947தான்.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் சொற்கள். கத்தோலிக்கர்கள் பேராயர் என்றால் ஆயருக்கு மேலே உள்ளவர். சி.எஸ்.ஐ.யில் பிஷப்பையே பேராயர் என்பார்கள். பழைய ஆட்களைக் கேட்டால் பிஷப்புக்குக் கத்தோலிக்கரிடம் மேற்றிராணியார், மற்றவர்களிடம் அத்தியட்சர். எனக்கு மேற்றிராணியார்தான் பிடிக்கும், வாய் நிறையச் சொல்லலாம். ஆயர் சுத்தமான சொல்தான், ஆனால் சட்டென்று முடிந்துவிடுகிறது.

இருங்கள், கால்டுவெல்லை விட்டுவிட்டேன். அவரைத் "திருநெல்வேலி பிஷப்" என்றுதானே சொல்கிறோம்? 1877ல் சார்ஜென்ட் என்ற இன்னொரு மிஷனரியோடு சேர்ந்து பிஷப் ஆனார், ஆனால் சென்னை அத்தியட்சருக்குத் துணையாக. கால்டுவெல் கொடைக்கானலில் இறந்தது 1891ல். திருநெல்வேலி தனி அத்தியட்சாதீனம் (அத்தியட்சரின் பகுதி) ஆனது 1896ல்தான்.

உங்கள் வீட்டில் தாத்தா பாட்டியின் ஞானஸ்நானச் சீட்டில் மேற்றிராணியார் என்றோ அத்தியட்சர் என்றோ முத்திரை இருந்தால், பெயரை மறைத்துவிட்டுப் படம் அனுப்புங்கள், அடுத்த வீடியோவில் காட்டுகிறேன். வண்டியை நிறுத்தின இடத்தில் ஒருவர் சீட்டோடு நிற்கிறார், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.