தேரியில் தடம் தப்பிய மதியம்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

திருச்செந்தூருக்கு மேற்கே குதிரைமொழித் தேரி இருக்கிறது. செக்கச்செவேலென்ற மணல் மேடுகள். மணல் துகள்களின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடு தந்த நிறம் அது. இடையிடையே கொல்லாமரம் என்கிற முந்திரி, பனை, உடைமரம். ஓர் ஆடி மாதம் நண்பர்கள் நாலு பேர் அங்கே நடக்கப் போனோம்.

கற்கால மனிதர் செதுக்கிய சின்னஞ்சிறு கற்கருவிகள் கிடைத்த மண் இது. அந்த நினைப்போடு நடந்தவன், ஒரு சரிவில் கல்சில்லு மின்னியதும் பாதையை விட்டு இறங்கினேன். குனிந்து பார்த்தேன். இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. நிமிர்ந்தபோது யாருமில்லை.

வந்த காலடியைப் பிடித்துத் திரும்பலாம் என்றால், காலடியே இல்லை. ஆடிக்காற்று அள்ளி மூடிவிட்டிருந்தது. கூப்பிட்டேன், குரலையும் காற்றே கொண்டுபோனது. வானம் மூடாக்கு. எந்த மேட்டில் ஏறினாலும் அதே சிவப்பு, அதே கொல்லாமரம். நேராகத்தான் போகிறேன் என்று நம்பி அரைமணி நேரம் நடந்தேன். கிளை முறிந்த ஒரு மரத்தடிக்கே மறுபடியும் வந்து நின்றபோது வயிற்றைப் பிசைந்தது.

இதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் காட்டிலும் சகாரா பாலைவனத்திலும் ஆட்களை நடக்கவிட்டு, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். சூரியனோ நிலவோ கண்ணுக்குத் தெரிந்தவரை ஓரளவு நேராகப் போனவர்கள், அது மறைந்ததும் தம்மை அறியாமலே வளைந்து திரும்பியிருக்கிறார்கள். சகாராவில் இரவில் நடந்தவரும் நிலா மறைந்த பிறகுதான் திசைமாறினார்.

என்னைக் கண்டெடுத்தவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். தண்ணீர் கொடுத்தார். "தேரியில தடத்தைத் தேடாதீங்க தம்பி. ஆடியில காத்து மேக்கதான். அதை முதுகுல வாங்கிக்கிட்டே நடங்க, கடக்கரைப் பக்கம் ஊரு வந்துரும்" என்றார்.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அது. இந்தத் தேரியைக் குவித்ததில் அதற்கும் பெரும் பங்குண்டு. என் காலடியை அழித்த அதே காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு நடந்தேன். பொழுது சாயும் நேரம் தார்ச்சாலை தெரிந்தது. நண்பர்கள் அங்கே இல்லை. மூவரும் இன்னும் தேரிக்குள் என்னைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெரியவர்தான் ஆடுகளை விட்டுவிட்டுப் போய் அவர்களை அழைத்து வந்தார்.