சின்கோ தே மாயோ: புவெப்லாவில் நடந்த போர், கலிபோர்னியாவில் பிறந்த விழா

[திரையில்: கலிபோர்னியா மலைப்பகுதி, பழைய சுரங்க ஊர்]

வணக்கம். 1862. கலிபோர்னியாவில் கொலம்பியா என்று ஒரு தங்கச் சுரங்க ஊர். அங்கே பாடுபட்ட மெக்சிகோக்காரர்களுக்குச் சில வாரம் பிந்தி ஒரு செய்தி வந்து சேர்கிறது. அவ்வளவுதான், துப்பாக்கியை எடுத்துச் சுடுகிறார்கள், வாணம் விடுகிறார்கள், நாட்டுப்பற்றுப் பாட்டுகளைப் பாடுகிறார்கள், ஆளாளுக்கு எழுந்து பேசுகிறார்கள். சின்கோ தே மாயோ, அதாவது மே 5, விழாவாகத் தொடங்கியது இப்படித்தான்.

அப்படி என்ன செய்தி?

மெக்சிகோவின் கஜானாவை உள்நாட்டுப் போர் துடைத்திருந்தது. வெளிநாட்டுக் கடனை இரண்டு வருடம் கட்ட முடியாது என்று 1861-இல் அதிபர் பெனிட்டோ ஹுவாரெஸ் அறிவித்தார். பிரிட்டன், ஸ்பெயின், பிரான்ஸ் மூன்றும் கப்பல்களோடு வந்தன. முதல் இரண்டும் பேசி முடித்துத் திரும்பின. பிரான்ஸ் திரும்பவில்லை. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனுக்கு அந்த நாடே வேண்டும்.

[திரையில்: லொரெட்டோ, குவாதலூப்பே கோட்டைகள்]

1862 மே 5 அன்று, மெக்சிகோவின் புவெப்லா நகரத்து மேட்டில் இருந்த இந்த இரண்டு கோட்டைகளை நோக்கி சுமார் 6,000 பேர் கொண்ட பிரெஞ்சுப் படை வந்தது. மெக்சிகோ படை ஆளிலும் குறைவு, ஆயுதமும் பழசு. மலைக்கிராமத்துப் பழங்குடி மக்களும் அதில் இருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் திரும்பத் திரும்ப மேடேறினார்கள், ஒவ்வொரு முறையும் விரட்டப்பட்டார்கள். பிற்பகலில் மழை கொட்டிச் சரிவெல்லாம் சேறாகிவிட்டது. கடைசியில் பின்வாங்கினார்கள். தளபதி இக்னாசியோ சராகோசா தலைநகருக்குத் தந்தி அடித்தார்: "தேசத்தின் படைகள் புகழைப் போர்த்திக்கொண்டன."

மறு வருடமே புவெப்லா வீழ்ந்தது. பிரெஞ்சுக்காரர்கள் வெளியேறி, அவர்கள் கொண்டுவந்த பேரரசர் மாக்சிமிலியன் சுட்டுக் கொல்லப்பட 1867 ஆயிற்று.

சரி, கலிபோர்னியாவில் ஏன் அத்தனை சந்தோஷம்? 1848-இல் அந்த மண்ணை மெக்சிகோ போரில் தோற்று இழந்திருந்தது. வீடு மாறாமலே நாடு மாறியவர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அதோடு 1862-இல் அமெரிக்காவிலும் உள்நாட்டுப் போர். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தெற்கு மாகாணங்களின் பக்கம்தான் மூன்றாம் நெப்போலியனின் மனச்சாய்வு. மெக்சிகோவோ 1829-லேயே அடிமை முறையை ஒழித்த நாடு. ஆக, புவெப்லாவில் நடந்ததும் அமெரிக்காவில் நடந்ததும் அவர்களுக்கு ஒரே சண்டை. ஊருக்கு ஊர் தேசபக்தி சபைகள் அமைத்து, கூலியில் மிச்சம்பிடித்த காசைச் சேர்த்து ஹுவாரெஸின் படைக்கு அனுப்பினார்கள். இந்த விழாவில் என்னை மிகவும் நெகிழவைப்பது அந்தக் காசுதான்.

அப்புறம் 1960, 70-களில் உரிமை கேட்டு எழுந்த சிக்கானோ, அதாவது மெக்சிகோ வம்சாவளி அமெரிக்க, இளைஞர்கள் இந்த நாளுக்குப் புது உயிர் கொடுத்தார்கள். 1980-களில் பீர் கம்பெனிகள் புகுந்தன. இன்று பலர் இதை மெக்சிகோவின் சுதந்திர தினம் என்றே நினைக்கிறார்கள். அது செப்டம்பர் 16. சுரங்கத் தொழிலாளிகளின் விழா இப்படி மதுக்கடைத் தள்ளுபடியாகச் சுருங்கியதைப் பார்க்க வலிக்கிறது.

[திரையில்: டெக்சாஸ், கோலியட்]

சராகோசா பிறந்தது இங்கேதான், 1829-இல். அப்போது இது மெக்சிகோ. வெற்றிக்கு நான்கு மாதம் கழித்து, 33 வயதில், காய்ச்சலில் இறந்துபோனார். பிறந்த ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறது, இப்போது அமெரிக்க மண்ணில்.