கல்லாறு ஏற்றம் எத்தனை டிகிரி?

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். மேட்டுப்பாளையத்தில் மேடை ஏறிவிட்டு மலையைப் பற்றிப் பேசாமல் இறங்கினால் நன்றாக இருக்காது.

கல்லாறு தாண்டியதும் நம் ரயில் பல்சக்கரத் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு குன்னூருக்கு ஏறுகிறதே, அந்த ஏற்றம் எத்தனை டிகிரி இருக்கும்? கூட்டம் தொடங்கும் முன் முன்வரிசையில் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் முப்பது என்றார். மஞ்சள் பையோடு வந்திருக்கும் பெரியவர், "நாற்பதுக்குக் குறையாது கண்ணு" என்றார். அந்தப் பாதையின் மிகக் கடுமையான ஏற்றமே 12 அடிக்கு 1 அடிதான். கோணமாகச் சொன்னால் 5 டிகிரிகூட இல்லை.

பெரியவர் வருந்த வேண்டாம். 1995-இல் அமெரிக்க உளவியலாளர் டென்னிஸ் பிராஃபிட்டும் குழுவினரும் மாணவர்களை மேட்டின் அடியில் நிறுத்திக் கேட்டார்கள். 5 டிகிரி மேட்டை ஏறக்குறைய 20 என்றார்கள். 10 டிகிரியை 30 என்றார்கள். ஆனால் கையைப் பார்க்காமல் ஒரு பலகையை உள்ளங்கையால் சாய்த்துக் காட்டச் சொன்னபோது கிட்டத்தட்டச் சரியாகவே காட்டினார்கள். இதற்கும் பின்னால் மறுப்பு வந்தது; அது கிடக்கட்டும்.

பெரிய சண்டை வேறு. முதுகில் பாரம் இருந்தால் மேடு இன்னும் செங்குத்தாகத் தெரிகிறது என்று 1999-இல் பிராஃபிட் தரப்பு எழுதியது. காவடியோடு பழநிப் படி ஏறியவர்கள் உடனே தலையாட்டுவீர்கள். படித்தபோது நானும் ஆட்டினேன். 2009-இல் ஃபிராங்க் டர்ஜின் என்ற இன்னொரு உளவியலாளரின் குழு குறுக்கே வந்தது. பையை மாட்டிவிட்டு மேட்டைக் காட்டினால், எதற்காக மாட்டினார்கள் என்று ஊகித்து, கேட்டவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடுகிறார்கள் என்றது. பைக்குள் தசையை அளக்கும் கருவி இருப்பதாகச் சொல்லி மாட்டினார்கள். அதை நம்பியவர்களிடம் அந்தக் கூடுதல் டிகிரிகளைக் காணோம்! விருந்தாளி மனம் கோணாமல் பேசுவது கொங்கு நாட்டுக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன்.

மலையை நான்கு மடங்காக்கும் இதே கண்ணுக்குக் குளியலறைத் தரையின் சரிவு பிடிபடுவதில்லை. என் வீட்டில் கொத்தனார் ரசமட்டத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கண் அளவிலேயே வாட்டம் விட்டார். இப்போது தண்ணீர் துளைக்குப் போகாமல் கதவடியில் தேங்குகிறது. கூப்பிட்டுக் காட்டினேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணை மூடி, வெகுநேரம் பார்த்தார்.

"வாட்டம் சரியாகத்தான் இருக்கிறது அண்ணா. தண்ணீர்தான் தப்பாகப் போகிறது" என்றார்.