கொடுக்கை எடுத்துத் தரலாம், தேளைக் கடிப்பது குட்டிதான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, யார் பேசினாலும் கைதட்டுவது என்று முடிவோடு வந்திருக்கும் முன்வரிசைப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

"புதிய திறன் கைவருவது கற்றுத் தருபவராலா, தானே முயல்வதாலா?" இதுதான் தலைப்பு. தானே முயல்வதால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அம்மா கலஹாரிப் பாலைவனம் வரைக்கும் போய் ஒரு சாட்சியைக் கூட்டிவந்தார். மீர்கேட்! நம்ம ஊர்க் கீரிக்குச் சொந்தம். பெரிய மீர்கேட்டுகள் குட்டிக்கு முதலில் செத்த தேளைக் கொடுக்கும், அப்புறம் கொடுக்கைப் பிய்த்துவிட்டு உயிரோடு கொடுக்கும், கொஞ்சம் வளர்ந்ததும் முழுத் தேளையே கொண்டுவந்து போடும், பார்த்தீர்களா குருவின் பெருமையை என்றார். கைதட்டலும் வாங்கிக்கொண்டார்.

அம்மா சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். 2006-ல் இதை வெளியிட்ட தார்ன்டன், மெக்காலிஃப் இருவரும் இன்னொரு சோதனையும் செய்தார்கள். மூன்று நாள், ஒரு குட்டிக்குக் கொடுக்கில்லாத உயிர்த் தேள், இன்னொன்றுக்குச் செத்த தேள், மற்றொன்றுக்கு அவித்த முட்டை. கொடுத்தது ஆய்வாளர்கள்தான், அம்மா மீர்கேட் அல்ல. அப்புறம் எல்லாக் குட்டிகளிடமும் உயிர்த் தேளை விட்டுப் பார்த்தார்கள். நன்றாகச் சமாளித்தவை எவை? மூன்று நாளும் உயிர்த் தேளோடு மல்லுக்கட்டிய குட்டிகள். முட்டை தின்றவை கொழுத்திருக்கலாம், தேர்ச்சி பெறவில்லை. ஆக, பெரியவர்கள் செய்வது என்ன? குட்டி உயிருக்கு ஆபத்தில்லாமல் தோற்க ஓர் இடம் அமைத்துக் கொடுக்கிறார்கள். அது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் திறன் வந்தது தேளோடு போட்ட சண்டையில். எதிரணியின் சாட்சியை மரியாதையாக எங்கள் மேசைக்கு மாற்றிக்கொள்கிறேன்.

கினி நாட்டில் பொசு என்ற இடத்துச் சிம்பன்சிகள் செம்பனைக் கொட்டையைக் கல்லின்மேல் வைத்து இன்னொரு கல்லால் உடைக்கும். அந்த வித்தை வரக் குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகிறது. தாய் கையைப் பிடித்துச் சொல்லித் தருவதில்லை. பக்கத்தில் உட்கார விடுகிறாள், தான் உடைத்த பருப்பைக் குட்டி எடுத்தாலும் பொறுத்துக்கொள்கிறாள். குட்டி கொட்டையை வைக்கும், வெறுங்கையால் தட்டும், கல்லை உருட்டும், சலிக்காமல் திரும்பத் தட்டும். ஒருநாள் உடைகிறது.

மனிதக் குழந்தைக்கு வருவோம். நடை பழகும் குழந்தைகளை நியூயார்க்கில் கேரன் அடால்ஃப் குழுவினர் எண்ணிப் பார்த்து 2012-ல் எழுதினார்கள். ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 2,368 அடிகள், 17 விழுதல்கள்! நாமாக இருந்தால் நாலாவது விழுதலிலேயே லீவு போட்டிருப்போம். நடைவண்டி வாங்கிக் கொடுத்தது யார் என்று எதிரணி கேட்கும். வாங்கியது நீங்கள்தான் ஐயா, நடந்தது யார்?

குரங்குப் பெடலை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் சைக்கிள், கால் எட்டாது. குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை நுழைத்து, உடம்பைக் கோணலாக வளைத்துக்கொண்டு ஓட்டுவோமே, அதை எந்த ஆசிரியர் சொல்லித் தந்தார்? பார்த்தால் அவர் "இறங்குடா" என்றுதான் சொல்லியிருப்பார்.

குருவி அப்பாவிடம் கேட்டுத்தானே பாடுகிறது என்று ஒரு வாதம் இங்கே வந்தது. சரி, கேட்க வேண்டும். ஆனால் கேட்டது போதுமா? அமெரிக்காவில் தலையில் வெள்ளைப் பட்டையுள்ள ஒரு சிட்டு உண்டு. பெரிய பறவையின் பாட்டைக் கேட்டு முடித்த குஞ்சுகளுக்கு, அவை தாமாகப் பாடத் தொடங்குமுன் செவிப்புலனை நீக்கினார் கொனிஷி என்ற ஆய்வாளர். 1965-ல் அந்த முடிவுகள் வெளிவந்தன. கொடுமையான சோதனை, நான் மெச்சவில்லை. குருவின் பாட்டு நினைவில் இருந்தும் அந்தக் குஞ்சுகளுக்குப் பாட்டு சரியாக வரவில்லை. தன் குரலைத் தானே கேட்டுத் திருத்த வழியில்லையே!

கடைசியாக விராலடிப்பான், தண்ணீரில் பாய்ந்து காலால் மீன் பிடிக்கும் பருந்து போன்ற பறவை. 1996 முதல் சில ஆண்டுகள் ஸ்காட்லாந்துக் கூடுகளிலிருந்து குஞ்சுகளை இங்கிலாந்தின் ரட்லாண்ட் ஏரிக்குக் கொண்டுவந்து வளர்த்து விட்டார்கள். தாய் தகப்பன் கூட வரவில்லை. அவை தாமாக மீன் பிடிக்கப் பழகி, மேற்கு ஆப்பிரிக்கா நோக்கிப் பறந்தன. சில திரும்பியும் வந்தன. 2001-ல் அங்கேயே ஒரு குஞ்சு பொரிந்தது. மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்றுத் தரணுமா, இதெல்லாம் பிறவிக்குணம் என்று எதிரணி தப்பிக்கப் பார்க்கும். பாய்வது பிறவிக்குணமாகவே இருக்கட்டும். இளம் விராலடிப்பான் பாய்ந்து பாய்ந்து வெறுங்காலோடு எழும்பி, பழகப் பழகத்தான் குறி தப்பாமல் பிடிக்கிறது. அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் வேறெதற்கும் பதில் சொல்ல வேண்டாம். ரட்லாண்டில் அந்தக் குஞ்சுகளுக்கு வாத்தியார் யார் என்று மட்டும் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.