பொங்கலுக்குத் துண்டு போடுகிறவர்கள்

இந்த மழையிலும் அல்சூர் வரை வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம். இங்கே பெங்களூர் காந்திநகரில் ஒரு சினிமா விநியோகஸ்தர் அலுவலகத்தில் பல வருடம் கணக்கெழுதியவன் நான். அங்கே சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு காலண்டர் தொங்கும். சாமியைவிட அதைத்தான் அதிகம் பார்ப்போம்.

பண்டிகைப் படம் என்கிறோமே, அது உண்மையில் லீவுப் படம். தீபாவளி, அமாவாசையோடு சேர்ந்து அக்டோபருக்கும் நவம்பருக்கும் நடுவில் அலையும். பொங்கல் ஜனவரி பாதியை விட்டு நகராது. தமிழ்நாட்டில் காணும் பொங்கல் வரை தொடர் விடுமுறை வேறு. அதனால்தான் மாதக்கணக்கில் முன்னாலேயே துண்டு போட்டு வைக்கிறார்கள்.

ஆனால் 2019-இல் ‘பேட்ட’, ‘விஸ்வாசம்’ இரண்டும் ஜனவரி 10-ஆம் தேதியே வந்தன. 2023-இல் ‘வாரிசு’, ‘துணிவு’ 11-ஆம் தேதி. பொங்கலோ இரண்டு வருடமும் 15-ஆம் தேதி. ஏன் இந்த அவசரம்? ரசிகன் முதல் நாளே வந்துவிடுவான். குடும்பம் பொங்கல் வைத்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் வரும். இரண்டு கூட்டமும் ஒரே நாளில் வந்தால் ஒன்று சீட்டு கிடைக்காமல் திரும்பிப் போகும். போன கூட்டம் மறுபடி வராது, அது எங்கள் அனுபவம்.

இன்னொன்று பங்குக் கணக்கு. 2009-இல் இந்திப் படத் தயாரிப்பாளர்களும் மல்டிபிளக்ஸ்காரர்களும் இரண்டு மாதம் மல்லுக்கட்டி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். முதல் வாரம் வசூலில் பாதி படக்காரருக்கு. வாரம் போகப்போக அந்தப் பங்கு குறையும். ஆக, லீவு முதல் வாரத்தில் விழுந்தால்தான் அவருக்கு லாபம்.

அமெரிக்காவில் இந்த இடம் கிறிஸ்துமஸுக்கு. 1997 ஜூலையில் வரவேண்டிய ‘டைட்டானிக்’ வேலை முடியாமல் டிசம்பர் 19-க்குத் தள்ளிப்போய், விடுமுறைக் கூட்டத்தை அள்ளிக்கொண்டது. அமீர் கானும் ‘கஜினி’, ‘3 இடியட்ஸ்’, ‘தங்கல்’ என்று டிசம்பரைத் தேடித்தேடிப் பிடித்தார். நம்மவர்கள் டிசம்பருக்கு அவ்வளவாக ஆசைப்படுவதில்லை. அரையாண்டுத் தேர்வு!

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இங்கே சங்கராந்தி ஒரு நாள் லீவு. அதற்கும் நம்மவர்களில் பாதிப் பேர் மடிவாளாவில் ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். மிச்ச ஸ்க்ரீனுக்குத் தெலுங்குப் படங்கள் போட்டிக்கு நிற்கும். ஒருமுறை எங்கள் முதலாளி தமிழ்நாட்டுக் காலண்டரை நம்பி, பொங்கலன்றே ஒரு படத்தைப் போட்டார். மாலைக் காட்சிக்கு டிக்கெட் கிழிப்பவர் வாசலில் நின்று நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். பெங்களூரில் தமிழ்ப் படத்துக்கு நல்ல நாள், பஸ் கிளம்புவதற்கு முந்தின நாள்தான்.

அப்புறம் 2023 அக்டோபர், ஆயுத பூஜையைக் குறிவைத்து ‘லியோ’ வந்தது. தமிழ்நாட்டில் காலை 9 மணிக்கு முன்னால் காட்சி கூடாது என்று அரசு சொல்லிவிட்டது. அன்றைக்கு வண்டி எதிர்த்திசையில் ஓடியது. விடியற்காலையில் பால் வாங்கப் போனவன் பார்த்தேன்: தியேட்டர் வாசலில் வரிசையாக ஓசூர் பைக்குகள், எல்லாம் டி.என். 70.