மூன்று அங்குலச் செருப்பு

நண்பர்களே, வணக்கம்.

'அடுத்த நாட்டு வழக்கத்துக்கு நாம் தீர்ப்புச் சொல்லலாமா?' என்ற இன்றைய தலைப்பைச் சொன்னதுமே வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னை மடக்கிவிட்டார். "வீட்டுக்கு வீடு வாசப்படி தம்பி. அடுத்த நாட்டுக்காரன் தன் வீட்டுப் பெண்களை எப்படி நடத்தினா நமக்கென்ன? தீர்ப்புச் சொல்ல நாம யாரு?" நியாயமான கேள்விதான். பதில் தேடி நூறு, நூற்றைம்பது வருஷம் பின்னால் போய், சீனாவில் சிறுமிகளின் காலைக் கட்டிய வழக்கத்தைப் பார்ப்போம்.

ஐந்தாறு வயதுச் சிறுமி. பெருவிரலை மட்டும் விட்டுவிட்டு, மற்ற நான்கு விரல்களையும் உள்ளங்காலுக்கு அடியில் மடக்கி, நீளமான துணியால் இறுக்கிச் சுற்றுவார்கள். அவிழ்த்துக் கழுவி, முன்னைவிட இறுக்கமாக மறுபடி சுற்றுவார்கள். விரல் எலும்பு முறியும். பாதம் வில்லாக வளையும். மூன்று அங்குலத்தில் நின்றால் அதற்குப் பெயர் 'பொற்றாமரை'. சுற்றுவது யார்? பெரும்பாலும் பெற்ற தாய். அதே வலியில் தானும் அழுதவள். அவள் கொடுமைக்காரி இல்லை. கால் கட்டாத பெண்ணை எவன் கட்டிக்கொள்வான் என்ற பயம்தான் அவளுக்கு.

இது தப்பு. இதைச் சொல்ல நான் சீனாவில் பிறந்திருக்க வேண்டியதில்லை.

அப்போதும் வெளியாட்கள் சொன்னார்கள். 1895இல் ஷாங்காயில் 'இயற்கைப் பாதச் சங்கம்' தொடங்கிய அலிசியா லிட்டில் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. அவருடைய நாட்டில் அன்றைக்குப் பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு கிடையாது. கோர்செட் என்ற இறுக்கமான உள்ளாடை போட்டு இடுப்பை நெரித்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சொல்லி அவரை மட்டம் தட்டலாம். சரி, தட்டியாயிற்று. சிறுமியின் கால் வலி குறைந்ததா?

சீனாவை ஆண்ட மஞ்சு அரசர்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே தடை போட்டுப் பார்த்தார்கள்; யாரும் கேட்கவில்லை. சங்கங்கள் பிடித்த வழி வேறு. சேருகிறவர் இரண்டு வாக்குக் கொடுக்க வேண்டும்: மகளின் காலைக் கட்ட மாட்டேன், கால் கட்டிய பெண்ணை மகனுக்கு எடுக்க மாட்டேன். அந்த இரண்டாவது வாக்குதான் விஷயமே! தாயின் பயத்துக்கு அங்கேதான் மருந்து இருந்தது. காங் யூவெய் போன்ற சீனச் சீர்திருத்தக்காரர்களும் சங்கம் அமைத்தார்கள். 1898இல் அவர் பேரரசருக்குக் கொடுத்த மனுவில், வெளிநாட்டார் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்ற புலம்பலும் இருந்தது. 1902இல் அரண்மனையே இந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்லி ஆணை போட்டது.

அந்த 'சிரிக்கிறார்கள்' என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. ஏனென்றால் அப்புறம் அந்த அவமானம் யார் தலையில் விழுந்தது தெரியுமா? ஷான்சி மாகாணத்தில் யான் ஷீஷான் ஆட்சியில் வீடு வீடாகப் போய்க் கால் பார்க்க ஆட்களை அனுப்பினார்கள், அபராதம் விதித்தார்கள். சிறுமிகளுக்கு அது விடுதலை. ஆனால் எலும்பு மடங்கியே ஆறிப்போன நடுவயதுக்காரிக்கு அந்தத் துணிதான் ஊன்றுகோல். அவிழ்த்தால் அடி எடுத்து வைக்கவே வேதனை. சின்ன வயதில் அழகுக்காக அழுதவள், வயதான பிறகு நாட்டின் மானத்துக்காக அழுதாள்.

பெரியவரே, தீர்ப்புச் சொல்லலாம், தாராளமாகச் சொல்லலாம். வழக்கத்தின் மேல் சொல்லுங்கள், அந்தக் காலுக்குச் சொந்தக்காரியின் மேல் வேண்டாம். ஹார்பின் நகரத்தில் ஒரு செருப்புத் தொழிற்சாலை, 1990களிலும் அந்தக் கிழவிகளின் கால் அளவுக்கென்றே செருப்புத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.